சளி டப்பாவோடு வந்த ஜெசிந்தா

போனில் அவள் பெயர்தான் வந்தது. காலையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு எடுத்து, "ஏளா, ஆளையே காணும், வழி மறந்துபோச்சோ?" என்றுதான் தொடங்கினேன். அந்தப் பக்கம் ஓர் ஆண்குரல் கேட்டது.

"நான் ஜெசிந்தாக்கா தம்பி பேசுதேன், மணப்பாட்டுல இருந்து. அக்கா விடியக்காலம் தவறிட்டாவ. போன்ல இருக்கவங்களுக்கெல்லாம் சொல்லிட்டு வாரேன். ஒங்க பேரு போடல. லைன் வீட்டு அக்கான்னு மட்டும் இருக்கு" என்றார். நெஞ்சு வலிக்கிறது என்று எழுந்தாளாம். தண்ணீர் கேட்டாளாம். கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டதாம்.

சரி தம்பி என்று வைத்துவிட்டேன். களைந்த அரிசியை உலையில் போட்டேன். அறைகளில் இருக்கிற ஆட்கள் வேலைக்குக் கிளம்புகிற நேரம் அது.

ஆசுபத்திரியில் அவளுக்காகக் கூடுகிறீர்கள் என்றும், பழகியவர்கள் எழுதித் தந்தால் வாசிப்போம் என்றும் சொல்லியனுப்பினீர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் இது என் கையெழுத்து. சட்டம் படிக்கிற என் பேத்தி திருத்தித் தருகிறேன் என்று வாங்கினாள். எங்கள் குடும்பத்தில் கோர்ட்டுப் படி ஏறப்போகிற முதல் பெண் அவள்தான். இருந்தாலும் "பிழை இருந்தா திருத்து, என் பேச்சுல கை வைக்காத" என்று சொல்லித்தான் கொடுத்தேன். 'அவள்' என்று இருப்பதை 'அவர்' என்று மாற்றட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அவர் என்று எழுதினால் வேறு யாரையோ பற்றி எழுதுவது போல் இருக்கிறது. நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உப்பளத்துக்குப் போகிற ரோட்டில் ஒரு வரிசை அறைகள் கட்டி, லைன் வீடு என்று வாடகைக்கு விட்டிருக்கிறேன். சமைத்தும் போடுகிறேன். உப்பு பாக்கெட் போடுகிற கம்பெனிக்கு ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கமிருந்து வருகிறவர்கள் அங்கேதான் தங்குகிறார்கள். ரயிலில் வந்து, கம்பெனி வேனில் ஏறி, கயிறு கட்டிய வாளியும் போர்வையுமாக என் வாசலில் இறங்குவார்கள். அவர்கள் வந்து சில நாளில் உங்கள் ஆசுபத்திரியிலிருந்து ஜெசிந்தா வருவாள். மலேரியாவுக்கு விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுப்பாள். நெஞ்சுப் படம் எடுக்கிற வண்டி வந்தால் வரிசையில் நிறுத்துவாள். டி.பி. இருக்கிறதா என்று பார்க்க, மூடி போட்ட சின்ன டப்பாக்களைக் கொடுத்து, காலையில் எழுந்ததும் சளியைக் காறி இதில் துப்ப வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பாள். இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேர் அவளோடு வேலை பார்த்தவர்கள். ஆனால் அவள் என் வாசலில் வந்து இறங்குகிற கோலத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கின காலைக் கையால் தூக்கித்தான் படியில் வைப்பாள். கடுங்காப்பி குடிக்கிற வரைக்கும் பேச மாட்டாள்.

ஒருநாள் கேட்டேன். "இவனுவ ஆறு மாசத்துல போயிருவானுவ. வேற ஆளு வருவான். அவனுக்கும் மொதல்ல இருந்து பாக்கணும். ஒனக்குச் சலிக்கலியாளா?"

"சலிக்காம என்னக்கா. பாத்திரம் கழுவுத வேல இது. கழுவி அடுக்குனா மறுபடி சோறு ஆக்கத்தான செய்வீங்க" என்றாள். அதைச் சிரிக்காமல் சொன்னாள்.

முதலில் எனக்கும் அவளுக்கும் ஆகவே ஆகாது. காரணம் என் வீட்டுச் சுவர். அறைகளுக்கு நான் ஒரு பக்கம்தான் ஜன்னல் வைத்திருந்தேன். கொசுவுக்குப் பயந்து அதையும் அட்டை வைத்து அடைத்துவிடுவார்கள். அவள் உள்ளே நுழைந்து பார்த்துவிட்டு, "எதிர்ச் செவத்துல ஒரு ஜன்னல் போடுங்க. காத்து உள்ள வந்தா பத்தாது, வெளிய போகணும்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நான் நகையை விற்றுக் கட்டின வீடு அது. "என் செவத்த இடிக்கச் சொல்ல நீ யாரு?" என்றேன்.

"நான் யாருமில்ல. உள்ள இத்தன பேரும் ஒரே மூச்சத்தான் மாத்தி மாத்தி விட்டுக்கிட்டு இருக்கானுவ. அதச் சொன்னேன்."

"இவனுவதான் நோயக் கொண்டாரானுவன்னு தெருவே சொல்லுது. நீ என்னடான்னா என் வீட்டக் குறை சொல்லுத."

"அங்கருந்து கொண்டாந்தானா, இங்கன வந்து பிடிச்சானான்னு கிருமி வாயத் தொறந்து சொல்லாதுக்கா. எங்க பிடிச்சாலும் அடைச்ச ரூம்புல பரவும்."

அதன் பிறகு அதைப் பற்றி அவள் பேசவே இல்லை. ஒவ்வொரு முறை வரும்போதும் காப்பியைக் குடித்துக்கொண்டே அந்தச் சுவரைப் பார்ப்பாள். அவ்வளவுதான். பேசுகிறவர்களோடு நான் சண்டை போட்டு ஜெயித்துவிடுவேன். பார்க்கிறவளை என்ன செய்வது? கொத்தனாரைக் கூப்பிட்டு எல்லா அறைக்கும் எதிர் ஜன்னல் வைத்தேன். அடுத்த முறை வந்து பார்த்தவள், "வலை அடிச்சிருக்கலாம்" என்றாள். வலையும் அடித்தேன்.

ஆட்கள் அவளை டப்பா தீதி என்பார்கள். தீதி என்றால் அவர்கள் பேச்சில் அக்கா. அவளுக்குத் தெரிந்த இந்தியெல்லாம் அவர்களிடம் பொறுக்கினதுதான். இருமு என்பதற்கு "காஸோ" என்பாள், பலமாக இருமு என்பதற்கு "ஜோர் சே காஸோ" என்பாள். அவளே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமிக் காட்டுவாள். நாலாம் அறையில் சுக்ரா என்று ஒருவன் இருந்தான். அதற்கு முந்தின முறையும் வந்து வேலை பார்த்துவிட்டுப் போனவன், கொஞ்சம் தமிழ் பேசுவான். அவன் மற்றவர்களிடம், "தீதிக்குத்தான் இருமல் ஜாஸ்தி. தீதிக்கு ஒரு டப்பா குடுங்க" என்று சொல்லுவான். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவிடுவாள்.

அந்தச் சுக்ராவை வைத்துத்தான் எல்லாம் வந்தது. அதை நான் சொல்லியாக வேண்டும்.

எப்போதும் டப்பாவைக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலையில் அவளே வந்து, ஒவ்வொருவனையும் உடைமரத்தடிக்குத் தனியாக அனுப்பி, நின்று வாங்குவாள். அந்த முறை தருவைகுளத்திலும் புது ஆட்கள் வந்து இறங்கியிருந்தார்கள். ஒரே காலையில் இரண்டு இடத்தில் நிற்க முடியாது. டப்பாக்களைக் கம்பெனி சூப்பர்வைசர் தங்கராசுவிடம் கொடுத்து, வாங்கி வைக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தங்கராசு எங்கள் பக்கத்துப் பையன்தான். கெட்டவன் இல்லை, அவசரக்காரன். "டப்பா காலியா இருந்தா நர்ஸம்மா கோவப்படுவாவ, வேலைக்கு எடுக்க மாட்டாவ" என்று சொல்லி எல்லாருக்கும் கொடுத்திருக்கிறான். நல்ல உடம்புக்காரனுக்குச் சளி எங்கிருந்து வரும்? மற்ற அறைக்காரர்கள் எச்சிலைத் துப்பி மூடிவிட்டார்கள். நாலாம் அறையில் மட்டும் சளி வருகிற ஆள் ஒருவன் இருந்தான். வராதவர்கள் அவனிடம் டப்பாவை நீட்டியிருக்கிறார்கள். பீடி கேட்டால் எப்படிக் கொடுப்பானோ அப்படியே அவனும் எல்லார் டப்பாவிலும் இருமி நிறைத்துக் கொடுத்திருக்கிறான். உதவி என்றுதான் செய்தான்.

சோதனையில் நாலாம் அறைக்காரர்கள் அத்தனை பேருக்கும் டி.பி. என்று வந்துவிட்டது.

ஜெசிந்தா ஓடி வருவதற்கு முன்னால் அந்தச் செய்தி கம்பெனிக்குப் போய்விட்டது. தங்கராசு என் வாசலில் வந்து நின்றான். "ஆச்சி, சாயங்கால வண்டிக்கு நாலாம் ரூம்பக் காலி பண்ணி அனுப்பிருதோம். ஒங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது. மருந்தடிச்சுக் கொடுத்துருதேன்" என்றான். எனக்கு அப்பாடா என்றுதான் இருந்தது. என் மகள் வயிற்றுப் பேரன் அப்போது தவழுகிற பிள்ளை. பத்து மாதத்தில் வார்த்தை சொல்லிய பிள்ளை, எங்கள் தெருவில் அப்படி ஒன்று கிடையாது. அறைவாசல் வரைக்கும் தவழ்ந்து போய், சுக்ரா மடியில் ஏறி உட்கார்ந்துகொள்வான்.

ஆட்டோவை விட்டு இறங்கின ஜெசிந்தாவுக்கு அன்றைக்குக் காப்பி வேண்டியிருக்கவில்லை. "எல்லாருக்கும் ஒண்ணுபோல வராதுக்கா. என்னமோ நடந்திருக்கு. நான் நின்னு வாங்கிருக்கணும்" என்றாள். தங்கராசைப் பார்த்து, "ஒருத்தனையும் வண்டி ஏத்தாத. நோய் இல்லாதவனயும் சேத்து விரட்டுவ. இருக்கவன் எவன்னு தெரியாமலே போயிருவான்" என்றாள்.

"நர்ஸம்மா, கான்ட்ராக்டர் என்னைக் கொன்னுருவாரு."

"சாயங்காலம் வரைக்கும் கொல்லாம இருக்கச் சொல்லு."

மறுபடி டப்பா, மறுபடி உடைமரத்தடி. ஒவ்வொருவனாக அனுப்பித் தானே தள்ளி நின்று "ஜோர் சே காஸோ" என்று கத்தினாள். தொண்டை கிழிய இருமினார்கள். ஒருவனுக்கும் ஒன்றும் வரவில்லை. முதலில் டப்பாக்களில் சளி துப்பிக் கொடுத்தவன் எவன் என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை. காட்டிக் கொடுத்தால் அவனை மட்டும் விரட்டிவிடுவோம் என்று நினைத்தார்கள். அவர்கள் நினைத்தது தப்பும் இல்லை. கடைசியில் சுக்ராவின் முறை வந்தபோது சுக்ரா இல்லை. அவன் வாளியும் இல்லை.

மேலூர் ஸ்டேஷனுக்குத்தான் போயிருப்பான் என்று தங்கராசு சொன்னான். ஜெசிந்தா வந்த ஆட்டோவிலேயே ஏறினாள். தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் ஏறினேன். வழியில் கேட்டேன். "போறவன் போகட்டுமேளா. அவன் ஊர்லயும் ஆசுபத்திரி இருக்கும்லா?"

"இருக்கும். எழுதிக் கொடுத்தா அங்கயும் மருந்து கொடுப்பாவ. ஆனா அவன் எழுத்து வாங்காமப் போறான். வண்டியில ரெண்டு நாளு கூட்டத்துல இருமிக்கிட்டே போவான். ஊருக்குப் போய் மலையில இருந்து எறங்கி எவன் மருந்து வாங்கப் போறான்? வாங்குனாலும் பாதில விட்டுருவான். பாதில விட்டா பொறவு இந்த மருந்தே கேக்காதுக்கா."

"என் பேரன் அவன் மடியிலதான் கெடப்பான்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

பயப்படாதீங்க என்று அவள் சொல்லவில்லை. "பிள்ளையப் பாக்கணும். நாளைக்கே பாத்துருவோம்" என்றாள்.

சுக்ரா பிளாட்பாரக் கடைசியில் வாளியைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்து ஓடவில்லை. ஓட அவனுக்குத் தெம்பு இல்லை என்று அப்போதுதான் பார்த்தேன். தினமும் சோறு போடுகிறவள் நான், எலும்பு தெரிந்ததைப் பார்க்கவில்லை. ஜெசிந்தா முகத்தில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றினாள்.

"வீட்ல யாரு இருக்கா?" என்று கேட்டாள்.

"பொண்டாட்டி. அப்புறம் பொண்ணு, சின்னது. நான் இங்க வந்து பொறந்துச்சு. பாக்கல."

"பாத்ததும் தூக்குவ."

அவன் தலையாட்டினான்.

"இப்படியே போய்த் தூக்குனா அதுக்கும் வரும் சுக்ரா. அது தாங்காது. ஆறு மாசம் மருந்து சாப்பிடு. பொறவு போய்த் தூக்கு."

"ஆறு மாசம் எங்க இருப்பேன் தீதி? கம்பெனி போ சொல்லும். ரூம் போ சொல்லும்" என்றான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான்.

ஜெசிந்தா என்னைப் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை. காலைத் தேய்த்துக்கொண்டு தண்டவாளத்தைத்தான் பார்த்தாள். கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். வாடகை போகும், மகள் சண்டை போடுவாள், தெரு பேசும் என்று சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. கேட்காதவளிடம் அதையெல்லாம் எப்படிச் சொல்வது? தூரத்தில் ரயில் சத்தம் கேட்டது. "பின்பக்கம் ஆட்டுக்குப் போட்ட கொட்டகை இருக்கு. ஆடு இப்ப இல்ல. நாலு பக்கமும் காத்து வரும்" என்றேன். அவள் அவனுடைய வாளியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மறுநாளே எல்லாருக்கும் படம் எடுத்துப் பார்த்தார்கள். நோய் அவன் ஒருவனுக்குத்தான் இருந்தது. மற்றவர்களுக்கு வராமலிருக்க மாத்திரை கொடுத்தாள். தங்கராசுவும் அவர்களை வண்டி ஏற்றவில்லை. பேரனைக் காட்டுவதற்குள் என் மகள் அவனைத் தூக்கிக்கொண்டு ஆறுமுகநேரியில் இருக்கிற மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள். "ஒனக்கு எங்களவிட அந்த இந்திக்காரன் பெருசாப் போயிட்டான்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, ஜெசிந்தா பஸ் ஏறி ஆறுமுகநேரிக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்திருக்கிறாள். எடை போட்டு, அவனுக்கும் வராமலிருக்க மருந்து கொடுத்து, என் மகளிடம் என்ன பேசினாளோ தெரியாது. லீவு நாளில் அவ்வளவு தூரம் போனதை அவள் என்னிடம் சொல்லவே இல்லை. மகள் திரும்பி வந்துதான் சொன்னாள். "அந்தக்கா எங்க வீட்டு நாற்காலில உக்காந்தே தூங்கிட்டாவம்மா. எழுப்ப மனசு வரல" என்றாள்.

மருந்து தொடங்கிய முதல் நாட்களில் சுக்ரா வெளிறிப்போய் வந்து நின்றான். ஒன்றுக்குப் போனால் ரத்தம் போகிறதாம். பதறிப்போய் ஜெசிந்தாவுக்குப் போன் போட்டால், அவள் சிரிக்கிறாள். "மாத்திரக் கலருக்கா அது. ஆரஞ்சா போனா ஒழுங்கா முழுங்குதான்னு அர்த்தம். நாளைக்கும் ஆரஞ்சான்னு கேளுங்க" என்றாள். அதன் பிறகு தினமும் காலையில் அவனைப் பார்த்து நான் கேட்கிற முதல் கேள்வி அதுவாகிவிட்டது. என் மாமனார் இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

ஆறு மாதம் என்பது சொல்லத்தான் சுலபம். இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிட்டது, எதற்கு இனி மாத்திரை என்று அவன் முரண்டு பிடித்தான். இவள் வந்து திட்டுவாள், ஒருநாள் கெஞ்சுவாள், ஒருநாள் ஒன்றும் சொல்லாமல் எதிரில் உட்கார்ந்திருப்பாள். அவன் விழுங்கிவிடுவான். அப்போதெல்லாம் அவள் முகத்தில் ஜெயித்த களை இருக்காது. எப்போது வீட்டுக்குப் போய்ப் படுப்போம் என்கிற முகம்தான். சிரித்த முகத்தோடு சேவை செய்தார் என்று யாராவது நாளைக்கு மேடையில் சொன்னால் நம்பாதீர்கள். அலுத்துப்போய்த்தான் வந்தாள். அலுப்போடே வந்தாள்.

மருந்து முடித்து ஊருக்குப் போன சுக்ரா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீடியோவில் கூப்பிட்டான். ஜெசிந்தா அன்று என் வீட்டில்தான் இருந்தாள். போனை அவளிடம் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "மூக்கு ஒழுகுது பாரு, தொடச்சு விடு" என்றாள். போனை என்னிடம் கொடுத்துவிட்டு, "அடுத்த ஆளுங்க எப்பக்கா வாரானுவ?" என்று கேட்டாள்.

மணப்பாட்டில் அவளை அடக்கம் செய்த அன்று நானும் என் மகளும் போயிருந்தோம். இங்கே இருக்கிற ஆட்களும் வரவேண்டும் என்றார்கள். கம்பெனியில் விடவில்லை. திரும்பி வந்து சுக்ராவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "இனி யார் ஆச்சி வருவாங்க?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

அவளுடையது என்று என்னிடம் ஒரு பொருளும் இல்லை. ஆனால் முன்பெல்லாம் ஒருவனை வண்டி ஏற்றி அனுப்பிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று நிம்மதியாகத் தூங்கிவிடுவேன். அந்தத் தூக்கத்தை அவள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அனுப்பினால் அவன் எங்கே போவான், யாரைத் தூக்குவான் என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. அவளிடமிருந்து எனக்கு வந்தது இந்த ஒன்றுதான். இந்த வயதில் எனக்கு இது பாரம்தான். இறக்கி வைக்கவும் தெரியவில்லை.

போன வாரம் புது ஆட்கள் வந்து இறங்கினார்கள். அதில் ஒருவன் இருமுகிறான். ராத்திரி வண்டிக்கு அனுப்பிவிடலாமா ஆச்சி என்று தங்கராசு கேட்டான். வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்லிப் பின்பக்கக் கொட்டகையில் படுக்க வைத்திருக்கிறேன். ஆசுபத்திரிக்குப் போன் பண்ணினேன். அவள் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை, பார்க்கிறோம் என்றார்கள்.

கூட்டம் முடிந்ததும் உங்களில் யாராவது ஒருவர் ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு வாருங்கள். உப்பள ரோட்டில் லைன் வீடு என்று கேட்டால் சொல்லுவார்கள். காப்பி போட்டுத் தருகிறேன்.